உங்கள் காருக்கு உலகு போட்ட அகல வீல்

என் உயிரான உலகு அப்பாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. இங்கே சாரல் நன்றாக விழுகிறது. உங்கள் திதிக்குக் குற்றாலம் போன அன்று நடந்ததை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பழைய வெள்ளைக் காரை விற்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். நம் மகள் உலகு கேட்கவில்லை. செங்கோட்டை போலீஸ் ஸ்டேஷனுக்கு அதில்தான் டூட்டிக்குப் போய் வருகிறாள். போன மாதம் கடையநல்லூரில் யாரோ கழற்றி விற்ற அலாய் வீல்களை வாங்கி வந்தாள். நல்ல அகலம், பளபளவென்று இருந்தன. "அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசைம்மா" என்றாள். அப்படியா? என்னிடம் நீங்கள் சொன்னதே இல்லையே.

பட்டறையில் மாட்டிப் பார்த்தால் முன்வீல் இரண்டும் உள்பக்கம் உரசின. வீலை வெளியே தள்ளி நிறுத்துவதற்காக, ஸ்பேசர் என்று ஒரு கனமான வட்டத் தகட்டை நடுவில் வைத்தான் பட்டறைக்காரன். தகடு அடைத்துக்கொண்டதில் போல்ட்டு வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. நட்டு நாலைந்து சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது.

"ஏட்டி, இவ்வளவு பிடிமானம் போதுமா?" என்று கேட்டேன்.

"எம்மா, அவருக்குத் தெரியாததா? நீ சும்மா இரேன்."

சும்மா இருந்துவிட்டேன். அவளும் டூட்டிக்கு ஓட்டிப் போய் வந்தாள், ஒன்றும் ஆகவில்லை.

திதியன்று காலையில் எள்ளும் பச்சரிசியும் வாழைக்காயும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலகரம் தாண்டியதும் ஸ்டீயரிங் அவள் கையில் நடுங்கியது. சீசன் கூட்டம், ரோடு முழுக்க வண்டி.

"வண்டி ஆடுதுட்டி. நிப்பாட்டு."

"ரோடு சரியில்லம்மா. பின்னாடி வேன்காரன் வேற ஒட்டிக்கிட்டே வாரான்."

"ஏதோ சத்தம் வருது. ஓரங்கட்டு."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா ஓட்டும்போது இப்படிச் சொல்லியிருக்கியா? ஏறுன ஒடனே தூங்கிருவ. நான் ஓட்டுனா மட்டும் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வருத."

அவள் சொன்னது நிஜம்தானே?

அடுத்த வளைவில் என் காலடியில் கார் திடீரென்று கீழே இறங்கியது. இரும்பு ரோட்டில் தேய்கிற சத்தம். எங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. யாருடையது என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

அது ரோட்டோரப் பழக்கடையைப் பார்த்துப் போனது. அங்கே ஒருவர் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரம்புட்டான் பொறுக்கிக்கொண்டிருந்தார். உலகு ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெல்ல மெல்ல அழுத்தினாள். அந்த மனுஷர் திரும்பிப் பார்த்துப் பின்னால் துள்ளினார். அவர் நின்ற இடத்தைத் தாண்டி, பழக்கூடைகளைச் சாய்த்துவிட்டு, சக்கரம் சுவரில் மோதி விழுந்தது.

"கொல்லப் பாத்தியளே! கண்ணு தெரியலையா?" என்று கடைக்கார அம்மா கத்தினாள்.

உலகு இறங்கிப் போனாள். தான் போலீஸ் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் தப்புதான்க்கா. அம்மா சொன்னாங்க, நாந்தான் கேக்கல" என்றாள். அந்த மனுஷர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவள் குனிந்து குழந்தையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கடைக்கார அம்மாவும் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ரோட்டில் உருண்ட பழங்களைப் பொறுக்கினோம்.

ஆட்டோவில்தான் குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். திதி கொடுக்க உலகு உட்கார்ந்தாள். ஐயர் உங்கள் பெயரைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயரை அன்று நானே சொன்னேன். உங்களுக்குக் கேட்டதா?

காருக்குப் பழைய வீல்களையே மாட்டியாயிற்று. ஆனால் அவள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே நான் ஓட்டலம்மா" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் போய் வந்தாள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

நேற்று நானே சாவியை நீட்டினேன். "தப்பா மாட்டுனதும் நீதான், அந்தப் புள்ள பக்கம் காரு போகாமப் புடிச்சி நிறுத்துனதும் நீதான். வண்டிய எடு. வடகரை வரைக்கும் போய்ட்டு வருவோம்."

சாவியை வாங்கிக்கொண்டாள். பிறகு ஓட்டினாள்.

அந்த அலாய் வீல்கள் கொல்லையில் கிடக்கின்றன. நீளமான போல்ட்டு போட்டு, காருக்கு ஏற்ற ஸ்பேசரோடு முறையாக மாட்டலாம் என்று வேறொரு பட்டறையில் சொல்கிறார்கள். அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவள் என்ன முடிவு எடுத்தாலும் நான் கூடப் போவேன். பிடிமானம் போதுமா என்ற என் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் வண்டியைக் கிளப்ப விடமாட்டேன். கிளப்பிவிட்டால் அவள் பக்கத்து சீட்டு என்னுடையது. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் பெயரை ஒரே ஒரு தடவை சொன்ன,
உலகு அம்மா