சீட்டுக்குக் கீழே ஒரு தட்டு

கீழ்க்கட்டளை முதல் அனகாபுத்தூர் வரை செத்துப்போன தண்ணீர் மோட்டார்களுக்கெல்லாம் உயிர் கொடுத்த என் அருமை மாப்பிள்ளை ஏழுமலை அவர்களுக்கு,

இதோ, ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். ஒரு சொட்டுப் பொய் கலக்கமாட்டேன் என்று உங்கள் மோட்டார் சைக்கிளின் மேலேயே சத்தியம் செய்கிறேன்.

உங்கள் மகள் நித்யாவுக்கு மேடவாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா வண்டியில்தான் போவேன் என்கிறாள். என் தங்கை சுமதி முடியவே முடியாது என்றாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாக "எங்க இருக்கீங்க" என்று அவள் போனில் கேட்டபோதெல்லாம் "தோ, பக்கத்துலதான்" என்றவர் நீங்கள். பம்மலும் பக்கம், வண்டலூரும் பக்கம். அந்தக் கடைசி மத்தியானமும் அதையேதான் சொன்னீர்கள். அப்புறம் போனை எடுக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எந்த ரோட்டோரம் உட்கார்ந்தீர்கள் என்று தெரியாமல் இருட்டும்வரை தேடினோம். அது எவ்வளவு பக்கம், மாப்பிள்ளை?

கடைசியில் சுமதி இறங்கி வந்தாள். "அவ எங்க இருக்கான்னு என் போன்ல தெரியணும். தெரிஞ்சா ஓட்டட்டும். இல்லேன்னா வண்டிய வித்துடலாம்."

ஜி.பி.எஸ். கருவி வந்தது. தீப்பெட்டி அளவு டப்பா, மூன்று ஒயர். மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றாள் நித்யா. தாய்மாமன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது மெக்கானிக்கா? இரண்டு நாள் வீடியோ பார்த்தேன். மூன்றாம் நாள் என்னிடம் ராக்கெட்டையே கொடுத்திருந்தாலும் ஒயரிங் பண்ணியிருப்பேன்.

சிவப்பு, ப்யூஸோடு பேட்டரிக்கு. கறுப்பு, எர்த்துக்காக வண்டியின் உடம்புக்கு. மஞ்சள், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்கு. நான் பேட்டரியைக் கழற்றிய நொடியில் கிழக்குத் தாம்பரம் முழுக்க விளக்கு அணைந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் இரண்டு மின்சார ரயில் நின்றுபோனது. டப்பாவைச் சீட்டுக்குக் கீழே இருந்த சந்தில் திணித்து, உள்ளங்கையால் அழுத்தி, மூடினேன்.

சாவியைப் போட்டதும் கருவியில் பச்சை விளக்கு சிமிட்டியது. வண்டிதான் ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்தேன். நாற்பதாயிரம் உதை. கால் இரண்டு அங்குலம் தேய்ந்துவிட்டது.

"மாமா, அப்பா வண்டிய கொன்னுட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டி யோசிக்குது."

"அது யோசிக்கட்டும். நீங்க இனிமே யோசிக்காதீங்க."

வாசலில் நின்றிருந்த சுமதி சிரிக்கவில்லை. "விட்டுடுண்ணா. அவரோடவே போச்சுன்னு நெனச்சுக்கறேன். நாளைக்கு வாங்கற ஆள வரச் சொல்லிடு" என்றாள். எத்தனையோ மோட்டாரை எழுப்பியவரின் வண்டியை நானே படுக்கவைத்துவிட்டேனே.

நித்யாதான் கேட்டாள். "மாமா, அப்பா வண்டிய நிறுத்தினதும் சீட்டுக்குக் கீழ தட்டிட்டு கண்ணுல ஒத்திக்குவாரு இல்ல?"

அந்தக் கும்பிடு ஊருக்கே தெரியும். கற்பூரமும் காட்டிவிடுங்கள் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அவள் மண்டியிட்டு, நீங்கள் தட்டும் இடத்தில் விரலை விட்டாள். சைக்கிள் டியூப் சுற்றிய குட்டி சுவிட்ச் ஒன்று கையில் தட்டுப்பட்டது.

திருடனை ஏமாற்ற வைத்தீர்கள், சரி. பெண்டாட்டியிடம்கூடவா சொல்லக்கூடாது? இத்தனை வருஷம் நீங்கள் கும்பிடவே இல்லை. இன்ஜினுக்குப் போகும் கரண்டை அணைத்துக்கொண்டிருந்தீர்கள். டப்பாவைத் திணிக்கும்போது என் கை அதை அழுத்தியிருக்கிறது. அந்தக் கடைசி நாள் மட்டும் நீங்கள் தட்டவில்லை போலிருக்கிறது. அதனால்தான் எங்களால் வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது.

நித்யா தட்டினாள். நான் உதைத்தேன். ஒரே உதை. அப்பாடா, மாப்பிள்ளை, அந்தச் சத்தம்.

கருவியை இணைத்ததும், வண்டிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது போன். சுமதி உங்கள் பெயரை என்றைக்காவது வாயால் சொல்லியிருக்கிறாளா? போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அவளே அடித்தாள்.

நித்யா ஒரு சுற்று போனாள். சுமதி திரையில் நகரும் புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கேம்ப் ரோட்டுல திரும்பறா... தோ, நம்ம தெருவுக்கே வந்துட்டா." வண்டி வாசலில் நின்றது. போன் சிணுங்கியது. 'ஏழுமலை வீட்டுக்கு வந்தாயிற்று.'

இரண்டு தடவை படித்தாள். "இப்பவாவது சொல்லிட்டு வந்தாரே" என்றாள். சிரித்தாள். எட்டு மாதம் கழித்து.

வாக்குக் கொடுக்கிறேன். மாதாமாதம் ப்யூஸைப் பார்ப்பேன். வேறு ஒயரைத் தொடமாட்டேன். சுவிட்ச் இருக்கும் இடத்தை இப்படி ஊரறிய எழுதிவிட்டேனே என்று பதறவேண்டாம், அதை இடம் மாற்றிவிட்டோம். இந்த முறை சுமதிக்கும் தெரியும்.

சத்தியம் செய்த வாயால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விளக்கு அணையவில்லை, ரயில் நிற்கவில்லை. கூட்டம் என்றால் எதிர்வீட்டுக்காரரும் அவர் நாயும்தான். ஆனால் அந்தச் செய்தியை சுமதி இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.

தோ, பக்கத்திலேயே இருக்கும்
உங்கள் மச்சான்