ஊரடங்கில் எலுமிச்சை இலைத் தேநீர்

மச்சான்,

இன்று நவுசோரி சந்தையில், நீ கரைத்துக் குடிக்கும் போதை வேரான யங்கோனாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண் வாசனை மூக்கில் ஏறியதும், வாங்கப் போன கத்தரிக்காயை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். ஆக்லாந்தில் நீ கண்மூடி நாற்பது நாள் ஆகிறது. தமிழ் பேசுவாயே தவிர உனக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்க வராது. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் தீவின் பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த வருஷம் அது. என் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. மெட்ராசுக்குப் போய் மாற்றிக்கொள்ள வேண்டும், கொடுக்க ஆள் வேண்டும். என் ஒரே தங்கைக்குச் சர்க்கரை, அவளால் ஆகாது. அவள் புருஷனான நீ, பஸ் ஓட்டிவிட்டு வந்த காக்கிச் சட்டையோடு பரிசோதனைக்குப் போய், "பொருந்துதாம் மச்சான்" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். அதே மாதம்தான் உங்களுக்கு நியூசிலாந்தில் குடியேறும் காகிதமும் வந்தது. குறித்த தேதிக்குள் போய் இறங்காவிட்டால் செல்லாது. நம் ஆட்கள் நாட்டைவிட்டுப் போய், தெருவில் வீடு வீடாகப் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்த நேரம்.

அதோடு டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். உன் ஈரல் சரியில்லை, யங்கோனாவை மூன்று மாதம் தொடக்கூடாது, பிறகுதான் முடிவு சொல்வேன் என்றார். நீயா? பேசின் பேசினாகக் கரைத்துக் குடிக்கிற ஆள். அதுவும் ஊரடங்கில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஆண்களுக்கு வேறு வேலையே இல்லாத நாட்களில்! என் உயிர் உன் நாக்கில் தொங்குகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், உன்னை நான் நம்பவில்லை.

நீ அக்கம்பக்கத்து ஆண்களைக் கூட்டி, அதே பேசினில் எலுமிச்சை இலைத் தேநீரை ஊற்றி வைத்தாய். அதே கொட்டாங்கச்சி. குடிக்குமுன் ஒரு கைதட்டு, குடித்தபின் மூன்று, எல்லாம் யங்கோனா முறைப்படி. முணுமுணுத்தவர்களிடம், "அரே, எங்க மச்சான் எந்திரிக்கட்டும், அப்புறம் தொட்டி தொட்டியாக் குடிக்கலாம்" என்றாய். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய எனக்கு அடியில் ஒரே ஒரு மடக்கு ஊற்றி, "உனக்கு லோ டைட்தான், கடல் வத்துன மாதிரி" என்று நீட்டினாய். மாதக்கணக்கில் சிரிக்காத என் மனைவி அன்று சிரித்தாள்.

ஒரு சாயங்காலம் நீ எழுந்து உள்ளே போனபோது உன் கொட்டாங்கச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். திரும்பி வந்த நீ பார்த்துவிட்டாய். எனக்குக் காது மடல் சுட்டது. நீ திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "தெனம் மோந்து பாரு மச்சான். எனக்கும் பயமாத்தான் இருக்கு, கை அதுமேல போயிடுமோன்னு" என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டுத்தான் குடித்தாய். என் சந்தேகத்தைக்கூட எனக்கொரு வேலையாக மாற்றிக் கொடுத்தாய்.

மூன்று மாதம் கழித்து உன் ஈரல் சரியாக இருந்தது. காகிதத்தின் தேதிதான் தாண்டப் போனது. "போயிடு மச்சான்" என்று நான் கெஞ்சினேன். "பிளேன் நாளைக்கும் பறக்கும். நீ மூத்திரம் போற வழியப் பாரு" என்று என் வாயை அடைத்துவிட்டு, என்னோடு மெட்ராசுக்கு வந்து உன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாய். அதன்பின் மறுபடி எழுதிப் போட்டு, நாலு வருஷம் காத்திருந்துதான் நீங்கள் போனீர்கள். அந்த நாலு வருஷமும் என் தங்கை என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நாடி விமான நிலையத்தில் வழியனுப்பியபோது உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்போதும் நன்றி என்ற வார்த்தை வரவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி, மச்சான். என் மகள் கல்யாணத்தை நான் பார்த்தது உன்னால்.

நேற்று தங்கை போனில் பேசினாள். "அண்ணே, அவரு சாம்பல ரேவா ஆத்துல கரைக்கக் கொண்டாறேன். அவரு முழுசா நம்மூருக்கே வந்து சேரட்டும்" என்றாள். கொண்டு வா என்றேன். என் கை அடிவயிற்றின் வலப்பக்கம் போயிருந்தது. அங்கே நீ வேலை செய்துகொண்டிருந்தாய்.