நட்சத்திரக் குறி போட்ட வருஷம்

ஜூன் 10, திங்கள்
ஆய்வேட்டில் ஆறு வேற்றுமைகளில் ஐந்து முடிந்தது. ஆதி ஜெர்மானியத்தில் எவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. காத்திக், பழைய நார்ஸ், பழைய ஆங்கிலம் என்று பிரிந்துபோன பிள்ளைகளை விசாரித்துத்தான் தாயைப் பிடிக்க வேண்டும். பிடித்த சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி: *தகஸ், பகல். யாரும் பார்த்ததில்லை, ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்று அர்த்தம். "இல்லாத பாஷைக்கு இலக்கணமாக்கா?" என்று தம்பி செங்குட்டுவன் சிரித்தான். சிரிக்கட்டும். பதினான்கு வருஷமாக மைன்ஸில் கான்ட்ராக்ட். சிரிக்க வேறு என்ன இருக்கிறது அவனுக்கு?

பர்மனென்ட் வேலை கேட்டு அவன் போடும் மனுவோடு வைக்கும் கடிதத்தை நானே எழுதிக்கொடுத்தேன். 1986-க்கு முன் கட்டிய வீட்டை மைன்ஸுக்கு இழந்தவரின் பிள்ளைக்கு வேலை உண்டு என்று விதி. மைன்ஸுக்குப் போன எங்கள் ஊர் வீட்டை அப்பா 1986-க்கு முன்பே கட்டினார் என்று காட்டினால் அவன் பெயர் பர்மனென்ட் பட்டியலில் ஏறும். பத்திரம் கிடையாது. அப்பாவும் இல்லை. அப்போது கைக்குழந்தைகளாக இருந்த பழைய அண்டைவீட்டார் மூவரைத் தேடி, அவரவர் பெற்றோர் சொன்னதைத் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டேன். 1984 என்று வந்தது. சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 19, புதன்
மனு திரும்பி வந்துவிட்டது. ஐயோ, நான்தான், நான்தான். 1984-க்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டு, அடியில் "நேரடிச் சான்றில்லை, ஒப்பீட்டால் பெறப்பட்டது" என்று குறிப்பு வேறு! கை பழக்கத்தில் எழுதிவிட்டது. ஊகம் செல்லாதாம். வீடு கட்டியதைக் கண்ணால் பார்த்தவரை 28-ம் தேதி மைன்ஸ் அலுவலகத்துக்கு அழைத்துவர வேண்டுமாம்.

"உன் படிப்பக் கொண்டாந்து என் தலையில ஏங்க்கா கொட்டுன?" என்றான். சாப்பிடாமலே செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

ஜூன் 20
நான் கட்டிவைத்த சாப்பாட்டை எடுக்காமலே இன்றும் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

ஜூன் 22, சனி
பார்த்தவர் யார்? அம்மா கல்யாணமாகி வந்ததே 1988-ல். அப்புறம்தான் உறைத்தது — அப்பாவின் அக்கா இருக்கிறாளே! சாமியம்மாள் அத்தை. நான் பிறக்கும் முன்பே சண்டையில் பிரிந்து குறிஞ்சிப்பாடிக்குப் போனவள். மூத்த சாட்சியான காத்திக்கை விட்டுவிட்டு எவளாவது ஆதி ஜெர்மானியம் எழுதுவாளா? நான் எழுதியிருக்கிறேன்.

அம்மா, "அவ மொகத்துல எப்படி முழிக்கிறது, வேணாம் விடு" என்று எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு
போனேன். நான் யாரென்று அத்தை கேட்கவில்லை. "பெரியண்ணன் மூக்கு" என்று அப்பா பெயரைச் சொன்னாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எண்பத்திநாலுதான். வூட்ட கட்டுனது யாருன்னு நெனச்சிக்கினு இருக்க?"

"அப்பா."

"ஒங்கப்பனா? அவன் ஊர் சுத்திக்கினு இருந்தான். நான் ஒண்டியா மண்ணு சொமந்து கட்டுனேன். ஒங்கம்மா வந்த மறுவருஷம் ரெண்டு பேரும் என்னை வெளிய போன்னாங்க."

அவள் சொன்னது பொய் என்று தோன்றவில்லை. வீடு அவளுடையது என்றால் தம்பியின் மனு போச்சு. ஆனாலும் சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்டுத் தொலைத்தேன். தேதியை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

ஜூன் 27
தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு அவளே வந்து உண்மையைச் சொன்னால்? சொல்லட்டுமே. அதுதானே நியாயம்? நியாயம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஆறாவது வேற்றுமை அப்படியே கிடக்கிறது.

ஜூன் 28, வெள்ளி
முதல் பஸ்ஸிலேயே வந்து அலுவலக வாசலில் நின்றிருந்தாள்.

"வீட்டைக் கட்டினது யாரும்மா?" என்றார் அதிகாரி.

"என் தம்பி பெரியண்ணங்க. எண்பத்திநாலுல. கண்ணால பாத்தேன்."

என்னிடம், "கடிதம் எழுதினது நீங்கதானே, இவங்க சொல்றது சரிதானா?" என்றார். சரி என்றேன். தெரியாத உண்மைக்கு நட்சத்திரம் போட்டவள், தெரிந்த பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து, "வீட்டுக்கு வாங்க அத்தை" என்றேன். "ஒங்கம்மா கூப்புட்டாளா?" என்றாள். இல்லை என்றேன். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

ஜூன் 29
நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். "தம்பி வூடுன்னா சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்
பட்டியலில் பெயர் வந்துவிட்டது. செங்குட்டுவன் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தான். "அத்தைக்கு நீயே குடுத்துட்டு வாக்கா" என்று ஒரு டப்பாவை நீட்டினான். அம்மா எழுந்து உள்ளே போனாள். வழக்கம்போல என்று நினைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வந்து, டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "குறிஞ்சிப்பாடி பஸ் எத்தினி மணிக்கு?" என்றாள்.