அம்மாவின் ஆறு மாத நேரம்

ஜனவரி 19, திங்கள்

பனி. ஏழு மணிக்கும் எதிர் வீடு தெரியவில்லை. ரயில் சத்தம் மட்டும் கேட்கிறது, ஆவடிக்குப் போகிறதா அம்பத்தூருக்கா என்று சொல்ல முடியவில்லை. திருப்புதல் தேர்வுக்கு எட்டு நாள். வரைபடம் இன்னும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

மாலை அம்மா ஒரு பச்சை அட்டைக் கோப்புடன் வந்தாள். உள்ளே ஆறு தாள்கள், ஜூலை முதல் டிசம்பர் வரை, மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே மூன்று கட்டம்: திட்டம், துறை, விடுப்பு. எந்த நாளில் எதற்கு எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

மறக்காமல் இருக்க: அம்மா பூந்தமல்லி தாண்டி இருக்கும் பல்கலைக்கழகத்தில் திட்ட உதவியாளர். வேதியியல் துறை. ஏரிகளில் தண்ணீர் எடுத்து, அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. அரசு நிதி. அம்மாவை அந்த ஒரு வேலைக்காகத்தான் எடுத்தார்கள். அதனால் அதைத்தான் செய்தாளா என்று அரசு கேட்கிறது. நியாயமான கேள்வி.

"ஜூலைல ஒரு செவ்வாக்கிழமை என்ன பண்ணோம்னு யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?"

"யாருக்கும் இருக்காது. எல்லாரும் கடைசி வாரம் உக்காந்து எழுதுவோம்."

"எப்படி?"

"திட்டத்துல எட்டு, எட்டு, எட்டு. ஞாயித்துக்கிழமைக்குக் கோடு."

முதலில் பென்சில். மேடம் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அதன் மேலேயே பேனா. அவர்கள் துறையில் அதுதான் வழக்கமாம். மேடம் என்றால் ஆய்வை நடத்தும் பேராசிரியர். அவரும் தன் நேரத்துக்கு இதேபோல ஒரு தாள் எழுத வேண்டும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பென்சில் வேலையை எனக்குக் கொடுத்தாள். பெருமை. சாப்பாட்டுக்கு முன் ஜூலை, ஆகஸ்ட் முடிந்தது. என் எட்டுகள் இடுப்பு ஒடுங்கி அழகாக வருகின்றன.

அப்பா பாடியில் இருக்கும் கம்பெனியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா கயலு, இம்போசிஷனா?"

"அம்மாவோட நேரம்பா."

"எங்க கம்பெனில வெரல வெச்சாத்தான் உள்ள வுடுவான். நீங்க இன்னாடான்னா ஊட்லயே குந்திகினு ஆறு மாசத்த முடிச்சிட்டீங்க!"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. கொசு அதிகம். கணக்கு டெஸ்ட் 43/50. ஒரு கூட்டல் தப்பு, முட்டாள்தனம்.

நவம்பர் வரை முடித்துவிட்டு டிசம்பர் தாளை எடுத்தேன். 1: எட்டு. 2: எட்டு. 3: எட்டு. அங்கே கை நின்றது. மூன்றாம் தேதி மழை விடுமுறை இல்லையா? சிவப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன் (இதற்கு முந்தைய நோட்டு, ஜூன் முதல் டிசம்பர் வரை). இருக்கிறது:

"மழை. எல்லாருக்கும் லீவு, அம்மாவுக்கும். வாசல்படி வரை தண்ணீர். கேழ்வரகு அடை. எனக்கு மூன்று."

அம்மா அடை தட்டிய நாளில், ஏரியில் எட்டு மணி நேரம்! அழித்தேன். அழித்த பிறகு உட்கார முடியவில்லை. ஜூன் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் புரட்டினேன். தினமும் அம்மா எத்தனை மணிக்கு வந்தாள், ஏன் தாமதம் என்று எழுதியிருக்கிறேன். கதவுப் பக்கம் உட்கார்ந்துதானே படிக்கிறேன், அதனால் வந்த பழக்கம்.

எண்ணி ஒரு தாளில் எழுதினேன்:

மாணவர் சேர்க்கை மேசை: 9 நாள்
பல்கலைக்கழகத்தைப் பார்வையிடும் குழு வருகிறது என்று சுவரில் படம் ஒட்டியது: 4
பரீட்சை அறை மேற்பார்வை: 17
விடைத்தாள் கட்டுவது: 6
விருந்தினரை அழைத்து வரக் காரில் போனது: 2
மேடத்தின் ஆண்டறிக்கை தட்டச்சு: நிறைய, எண்ணவில்லை

அம்மாவிடம் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"இத யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அம்மா அந்தத் தாளை மடித்தாள். "மார்ச்சோட என் வேலை ஆர்டர் முடியுது. நீட்டிப்புக்கு மேடம் கையெழுத்துப் போடணும். இந்த நேரத்துல இத நீட்டினா என்னாகும்? எட்டே போடு."

"கீழ, 'மேற்கண்டவை உண்மை'ன்னு இருக்கும்மா."

"அங்க போடறது என் கையெழுத்து. உன்னோடது இல்ல."

"எட்டு என்னோடது."

அறைவாள் என்று நினைத்தேன். குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 21, புதன்

பள்ளியில் எதுவும் ஏறவில்லை. வரைபடத்தில் காவிரியைக் கர்நாடகாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். டீச்சர்: "உன் புண்ணியத்துல பிரச்சனையே தீர்ந்துடுச்சு."

ஷேர் ஆட்டோவில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா டிரைவரிடம்: "அஞ்சு நிமிசம்னு சொல்லி அரை மணியா நிறுத்திகினு கீறியே, உன் நிமிசம் எந்த ஊரு நிமிசம்பா?" டிரைவர்: "ஆள் ரொம்புனாத்தான் நிமிசம் ஓடும்க்கா." இதை எழுதியே ஆக வேண்டும் என்று வீடு வரும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாலை அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில். துறை அலுவலகத்து சுகந்தி அக்கா.

"எட்டு போட்டாச்சாக்கா? உங்களுது ஒண்ணுதான் பாக்கி."

"போட்டுட்டிருக்கேன் சுகந்தி."

"ரொம்ப யோசிக்காதீங்க. ஒருத்தர் தீபாவளிக்கே எட்டு போட்டாரு. யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா?"

"ஏரில தண்ணி எடுத்துகினே மத்தாப்பு கொளுத்தினேன்னு சொல்லியிருப்பாரு!"

அம்மாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"கயல், ஏரி நோட்டுல இந்த ஆறு மாசத்துல பன்னெண்டு தடவதான் தண்ணி எடுத்ததா இருக்கு. இருபத்துநாலு எடுத்திருக்கணும்."

"ஏம்மா எடுக்கல?"

"பரீட்சை ஹால்ல நின்னா எப்படி எடுக்கறது? ஆனா நேரத் தாள்ல முழுசா எட்டு எட்டுன்னு இருந்தா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? இவளுக்கு நேரம் இருந்துச்சு, இவதான் வேலை செய்யலன்னு."

நான் பீன்ஸுக்கு நார் உரித்தேன். பேசினால் கெடுத்துவிடுவேன் என்று தோன்றியது.

"அந்த சிவப்பு நோட்ட எடுத்துட்டு வா."

அதற்குத்தான் நான் தயாராக இல்லை. அந்த நோட்டில் இருப்பவை: அம்மாவைக் கல் என்று எழுதியது, இரண்டு இடம். என் வகுப்பு நந்தினியின் அம்மாபோல் வீட்டிலேயே இருந்தால் என்ன என்று எழுதியது, ஒரு முழுப் பக்கம். அப்பாவின் குறட்டை பற்றிய ஆராய்ச்சி. இன்னும் ஒன்று, அதை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஒப்பந்தம்: நோட்டு என் கையில். நான் வாசிப்பேன், அம்மா எழுதுவாள்.

ஜனவரி 22, வியாழன்

நேற்றும் இன்றும் சேர்த்து ஆறு மாதமும் முடிந்தது. எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. நான் தேதி சொல்வேன், "7.10, சேர்க்கை மேசை, கால் வலி" என்பேன். அம்மா 'துறை'யில் எட்டு போடுவாள். "5.40, ஏரி, சேலையில் சேறு" என்பேன். 'திட்ட'த்தில் எட்டு. ஒரு நாளில் பாதி ஏரி, பாதி தட்டச்சு என்றால் நான்கு, நான்கு. விளையாட்டுப்போல் இருந்தது. நோட்டில் இல்லாத பகலை அம்மா நெற்றியைத் தேய்த்து ஞாபகப்படுத்திக்கொண்டாள்.

அக்டோபர் 15 வந்தது. இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். வாசித்தேன்:

"பேச்சுப் போட்டி, முதல் பரிசு. எல்லாருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். என் அம்மா ஏரியில் தண்ணீர் எடுக்கிறாள். அறிவியலுக்காக. பரவாயில்லை." கடைசி வார்த்தையின் கீழ் இரண்டு கோடு.

அம்மா எழுதவில்லை. நானே பென்சிலை வாங்கித் திட்டத்தில் எட்டு போட்டேன்.

அம்மா ரப்பரை எடுத்து அதை அழித்தாள்.

"அன்னிக்கி நான் ஏரிக்குப் போகல."

"நோட்டுல இருக்கேம்மா."

"நான் சொன்னதுதானே நோட்டுல இருக்கும்." தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "துறை விழா. மேடைக்கு ரிப்பன் கட்டினேன். அதிரசத்தத் தட்டுல அடுக்கினேன். அதுக்காக உன் பரிசுக்கு வரலன்னு எப்படிச் சொல்றது? ஏரின்னு சொன்னா நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. தலைய ஆட்டுவ."

அன்று நான் வகுப்பு முழுக்கச் சொன்னேன். என் அம்மா இப்போது ஏரியில், படகில் இருக்கிறாள் என்று. படகு என் சொந்தக் கற்பனை.

"இன்னும் எத்தனை நாள் இதுமாதிரி?"

அம்மா யோசித்தாள். ஆறு மாதத் தாள்களையும் திருப்பிப் பார்த்து, மூன்று தேதியைக் காட்டினாள். மூன்றிலும் என் நோட்டில் ஏரி. மூன்றையும் அழித்தோம். என் நோட்டு மட்டும் பொய் சொல்லாது என்று இரண்டு நாளாக எவ்வளவு குதித்தேன்.

சாப்பிடும்போது அப்பா: "இன்னா, ரெண்டு பேரும் மவுன வெரதமா? ரசத்துல உப்பில்லன்னு யாராச்சும் சொல்லுங்களேன்." உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

காலை ஆறரை. பல் தேய்த்துவிட்டு வந்தால் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேனாவால் பென்சில் மேல் எழுதிக்கொண்டிருந்தாள். மேடம் பார்ப்பதற்கு முன்பே பேனா!

"அம்மா, வழக்கம் அது இல்லையே."

"பென்சில்ல எடுத்துட்டுப் போனா, ரப்பர் எடுத்து நீட்டுவாங்க. நானும் வாங்கிப்பேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும்."

கடைசித் தாளில் கையெழுத்து. நேற்றைய கோபத்தில் நான் இன்னும் பேசாமல் இருக்க வேண்டியவள். "மை காயட்டும், மடிக்காத" என்று சொல்லிவிட்டேன்.

பள்ளியில் நான்கு முறை மணி பார்த்தேன். நந்தினி: "யாருக்காச்சும் ஆபரேஷனா?"

அம்மா 7.25. பஸ் இல்லையாம், வானகரத்தில் இறங்கி மாறி வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

மேடம் ஆறு தாளையும் நின்றபடியே பார்த்தாராம். பேனா என்று தெரிந்ததும் உட்கார்ந்தாராம். "எத வெச்சு எழுதினீங்க?" "என் பொண்ணு டைரி எழுதுவா மேடம்." பிறகு, "நீங்க இப்படி எழுதினா, நான் என்ன எழுதறது சுமதி?" அவருடைய தாளில், அவர் நேரத்தில் கால் பங்கு இந்த ஆய்வுக்கு என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதாம்.

"அப்புறம்?"

"டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டாங்க."

"நீட்டிப்பு?"

"அதப் பத்தி அவங்களும் பேசல, நானும் பேசல."

அப்பா தட்டை எடுத்து வந்து வைத்தார். "வுடும்மே. மிஞ்சிப்போனா ஊட்ல குந்துவ. கயலு நோட்டுல தெனிக்கும் ஒரே வரிதான், 'அம்மா வூட்ல'." பிறகு, "கரீட்டாத்தான் பண்ணிகீற" என்றார், என்னைப் பார்த்து இல்லை, அம்மாவைப் பார்த்தும் இல்லை, தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து.

அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியவள் நான். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா? கிழித்தால் அதுவும் ரப்பர் மாதிரிதான். விட்டுவிட்டேன்.

ஜனவரி 24, சனி

சிறப்பு வகுப்பு ஒரு மணிக்கு முடிந்தது. வெயில். மொட்டை மாடியில் மிளகாய் காய்கிறது, யார் வீட்டுடையது என்று தெரியவில்லை. தும்மல்.

நான்கு மணிக்கு மேடம் போன் செய்தார். அம்மா கை துடைக்காமலே எடுத்தாள். ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது, அணைக்கவில்லை.

"சுமதி, ஒண்ணு கேக்கணும். உங்க பொண்ணு நோட்டுல... நான் ஏரிக்கு வந்த நாள் எல்லாம் இருக்குமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன். ஜூலை, இல்லை. ஆகஸ்ட், இருக்கிறது: "இன்று மேடமும் ஏரிக்கு வந்தாராம். ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டதாம். ஒற்றைச் செருப்போடு காருக்குத் திரும்பினாராம்." செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். விரல் காட்டினேன்.

"ஒரு நாள் மேடம்" என்றாள் அம்மா. "ஆகஸ்ட்ல."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அம்மா போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"செருப்பு போன அன்னிக்கா?"

"ஆமா மேடம்."

"சரி. அப்ப என் தாள்ல அந்த ஒரு நாளையே மாத்திப் போட்டுக்கறேன்." பிறகு, "மிச்சம் பன்னெண்டு தடவ எடுக்கணும்ல? பாட்டிலெல்லாம் கழுவி வைங்க. திங்கக்கிழமை போலாம். நானும் வரேன்."

"திங்கக்கிழமை குடியரசு தினம் மேடம். லீவு."

"அடடா. செவ்வாய்."

போன் கட். அம்மா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். வாரத்துக்கு ஒரு தடவை என்றால் பன்னிரண்டும் மார்ச்சுக்குள் முடியுமா என்று நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முடியாது. அம்மாவும் கூட்டியிருப்பாள், உதடு அசைந்தது.

அப்பா உள்ளேயிருந்து: "புதுச் செருப்பு போட்டுகினு வர வேணாம்னு சொல்லு!"

"செவ்வாக்கிழமை எனக்குப் பரீட்சை" என்றேன். "நீ எத்தனை மணிக்கு வருவ?"

"தெரியாது. ஆனா ஏரின்னு சொன்னா ஏரிதான். எழுதிக்கோ."