வாசல் பலகையிலுள்ள என் மகளை ஒப்படைக்கக் கோரி

அனுப்புநர்
தையல் தொழிலாளி,
சலவைக் கடை மாடி, கடைசி அறை,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்
உயர்திரு விசாரணை அதிகாரி அவர்கள்,
உணவு நிவாரணத் துறை, தலைமை அலுவலகம்.

பொருள்: படம் எடுப்பதற்காகக் கொடுத்த சத்து மாவு டின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் மீது விசாரணை கோருதல், வாசல் பலகையிலுள்ள என் மகளின் படத்தைக் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெள்ளத்துக்குப் பிறகு, எடை குறைந்த குழந்தைகளுக்குச் சத்து மாவு தருவதாக அறிவித்தார்கள். மருத்துவமனைச் சீட்டுடன் என் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பகுதி நிவாரண அலுவலகத்துக்குப் போனேன். நிவாரண அலுவலர் ஒரு டின்னை அவள் மடியில் வைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பின்வாசலில் கிடங்குக்காரர், "போட்டோ எடுத்தாச்சுல்ல, டின்னைக் குடும்மா, அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்று அதை வாங்கிக்கொண்டார். எனக்குரியது வீடு தேடி வரும் என்றார். அதுதான் நடைமுறை போலும் என்று நினைத்தேன்.

2. டின் வரவில்லை. அலுவலக வாசலில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு 'பயன் பெற்றோர்' என்று பலகைதான் வந்தது. பக்கத்து அறை அக்கா, "உன் பொண்ணுக்குக் கட்அவுட்டே வச்சுட்டாங்க, இனிமே அவளைக் கையில பிடிக்க முடியாது" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். மகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவளுக்குத் தன்னைத் தெரியவில்லை. டின்னைக் காட்டி, "தா" என்றாள்.

3. அலுவலரைப் பார்க்க நடையாய் நடந்தேன். ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. வாங்கியதற்குப் படமே சாட்சியாக இருக்கும்போது மறுபடியும் கேட்பது பேராசை என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

4. அதே டின் கடைத்தெரு மளிகைக் கடையில் இருந்தது. 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்தைச் சுரண்டியிருந்தார்கள், ஆனால் படிக்க முடிகிறது. கிடங்குக்காரர்தான் கொண்டுவந்து போடுகிறார் என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். கடன் சொல்லி ஒன்று வாங்கி வந்தேன். அதற்குள் அவளால் விழுங்க முடியாமல் போய்விட்டது. அந்த வாரமே இறந்துவிட்டாள். டின்னில் மாவு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

5. நான் வேலைக்குப் போகிறேன். இது பள்ளிச் சீருடை தைக்கும் காலம். உனக்குக் கோபமே வரவில்லையா என்று அக்கா கேட்கிறார். இருக்கிறது ஐயா. எழுந்து வரத்தான் அதற்குத் தெம்பில்லை.

6. பகுதி அலுவலகத்தில் நான் கொடுத்த புகாருக்கு, 'மனுதாரரின் மன வேதனையைக் கருதிப் பலகை அகற்றப்படும்' என்று பதில் வந்துள்ளது. தயவுசெய்து அகற்ற விடாதீர்கள். நடந்ததற்குச் சாட்சியாக அந்தப் பலகை வேண்டும். மேலும், என் கைபேசி வெள்ளத்தில் போய்விட்டதால், அவளுடைய வேறு படம் எங்களிடம் இல்லை.

ஆகவே, அலுவலர், கிடங்குக்காரர் இருவரையும் விசாரித்து, வரிசையில் நிற்கும் மற்றக் குழந்தைகளுக்காவது டின் கையோடு வீடு போய்ச் சேரச் செய்ய வேண்டுகிறேன். விசாரணை முடிந்ததும், பலகையில் என் மகள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டித் தந்தால் போதும். அலுவலரும் டின்னும் எனக்கு வேண்டாம். அவள் கை டின்னின் மேல் இருக்கிறது. வெட்டுபவரிடம், கை போய்விடாமல் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: 14ஆம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
படத்திலுள்ள குழந்தையின் தாய்

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு, சத்து மாவு டின் ஒன்று (திறந்தது).