கை தூக்கும்போது மட்டும்

பிப்ரவரி 6

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பால்பண்ணைக்குப் போனவன் நாட்குறிப்பு எழுதுகிறேன். அப்பாவின் மாடுகள் பார்த்தால் சிரிக்கும்.

எல்லாம் கல்லூரி முதல்வர் நிஷிடாவின் வேலை. காலையில் பின்சக்கரத்தில் ஆணியோடு என் டயர் கடைக்கு வந்தார். நான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்: எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு எச்சரிக்கை கொடுத்துவிட்டதாம். ஒரு வருடத்தில் திருந்தாவிட்டால் அங்கீகாரமே போய்விடுமாம்.

"என்ன குத்தமாம்?"

"நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அன்றாட வேலையில மூக்கை நுழைக்கிறாங்களாம்."

"அடப்பாவிகளா, யாரு அது?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் நாங்கள் ஏழு பேர். ஆனால் செவ்வாய்தோறும் இனிப்பு ரொட்டிப் பையோடு கல்லூரியைச் சுற்றி வருபவன் நான் ஒருவன்தான். யார் என்ன குறை சொன்னாலும் 'நான் பாத்துக்கறேன்' என்பவனும் நானேதான்.

"கூட்டத்துல கை தூக்கும்போது மட்டும்தான் நீங்க உறுப்பினர், டெலியோ. வெளிய வந்துட்டா டயர் கடைக்காரர். யாருக்காவது போன் போட்டு வேலை சொல்லணும்னு கை துறுதுறுத்தா, அதை எழுதி வைங்க. போன் போடாதீங்க."

எழுதிவிட்டேன். துறுதுறுப்பு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 8

அங்கீகாரக் குழுவின் அறிக்கையில் எனக்குப் புரியாத பெரிய பெரிய வார்த்தைகள். இடலினாதான் சாப்பாட்டு மேஜையில் வைத்து உரக்கப் படித்துக் காட்டினாள். என் மனைவி இப்போது அதே கல்லூரியில் நர்சிங் மாணவி. வார்த்தைக்குப் பயப்பட மாட்டாள்.

"'ஒரு உறுப்பினர் ஆசிரியரிடம் நேரடியாகப் பேசி, நர்சிங் மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றவைத்தார்'..."

நிறுத்தினாள். நான் சூப்பில் ரொட்டியை முக்கினேன்.

"ஏய்யா, அது என் வகுப்பு."

"அப்படியா?"

"நான் ஏதோ என் அதிர்ஷ்டம்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்யா! அந்த மாதா நீதானா?"

சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

நவம்பர் வந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. மாலை வகுப்பு முடிந்து அந்தப் பனிக்குள் இவள் தனியாக ஓட்டி வர வேண்டும். சென்ற கோடையில் நர்சிங் ஆசிரியை திருமதி வோஸ் டயர் மாற்ற வந்தபோது, 'காலையில வச்சா என்னம்மா?' என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்! கேட்டவன் அவர் சம்பளத்துக்குக் கை தூக்குகிறவன் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"ஒஃபீலியா ஏன் படிப்பை விட்டு நின்னுட்டான்னு இப்பத்தான் புரியுது," என்றாள் இடலினா. ஒஃபீலியா இவளுக்குப் பக்கத்து இருக்கை. பகலில் பழம் கட்டும் கொட்டகையில் வேலை. "அங்கீகாரம் போச்சுன்னா நாங்க படிச்ச படிப்பை எந்த ஆஸ்பத்திரி மதிக்கும்? அம்பது வயசுல நான் மறுபடியும் முதல்லேர்ந்தா?"

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. என் ரொட்டி சூப்பிலேயே கரைந்துபோனது.

பிப்ரவரி 9

திருமதி வோஸிடம் சொல்லி, வகுப்பைப் பழையபடி மாலைக்கே மாற்றிவிடலாம் என்று போனை எடுத்தேன். இடலினா பிடுங்கிக்கொண்டாள்.

"திருத்தறதுக்கும் நீதான் போன் போடுவியா? அதுவும் மூக்கு நுழைக்கறதுதான்!"

அட, ஆமாம்.

பிப்ரவரி 13

செவ்வாய். கல்லூரிப் பக்கம் போகவில்லை. இனிப்பு ரொட்டி முழுவதையும் நானே தின்றேன். வயிறு சரியில்லை.

மார்ச் 12

கூட்டம். இனி எந்த உறுப்பினரும் ஊழியருக்கு நேரடியாக வேலை சொல்லக் கூடாது என்று விதி. என் வாயைக் கட்டும் விதிக்கு முதலில் எழுந்தது என் கை. எழுந்ததே எழுந்தது என்று, "அறிக்கையில வர்ற அந்த ஒரு உறுப்பினர் நான்தான்" என்றும் சொல்லிவிட்டேன்.

"ஊருக்கே தெரியும், உக்காருப்பா," என்றார் குழுத் தலைவர்.

இடலினா எல்லா மாணவரையும் போல வரிசையில் நின்று, மாலை வகுப்பு வேண்டும் என்று முதல்வர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்தாள். நான் வாசல்வரை கூட வரக் கூடாதாம்.

மே 2

வெல்டிங் வாத்தியார் ரூடி கடைக்கு வந்தார். பட்டறையில் விசிறி ஓடவில்லையாம், புகை மூச்சை முட்டுகிறதாம். "நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும் டெலியோ."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "முதல்வர் ஆபீஸ்ல சொல்லுங்க."

ரூடி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மே 20

விசிறி ஓடுகிறதாம். நான் இல்லாமலேயே! சந்தோஷம்தான். கொஞ்சம் வருத்தமும்.

ஆகஸ்ட் 19

வகுப்பு மறுபடி மாலைக்குப் போய்விட்டது. எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டு முடிவு செய்தார்களாம். ஒஃபீலியா திரும்பி வந்துவிட்டாள். இடலினா முகத்தில் வெளிச்சம். நான் நவம்பரை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 8

அங்கீகாரக் குழு வந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ஒரு ஆசிரியர் உங்க கடைக்கு வந்து குறை சொன்னா என்ன செய்வீங்க?"

"டயர்ல காத்து பாத்து அனுப்பிடுவேன். குறையை முதல்வர்கிட்ட சொல்லச் சொல்லுவேன்."

"அது கஷ்டமா இல்லையா?"

"உயிர் போகுதும்மா."

சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? நிஷிடா முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 21

பனி இறங்கிவிட்டது. இடலினாவின் காருக்கு முன்னால், தாழ்வாக, இரண்டு மஞ்சள் விளக்கு பொருத்தினேன். டயர் கடைக்காரன் செய்யலாம், எந்த விதியும் தடுக்காது. ஒஃபீலியா தன் வண்டியை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டு இவளோடு போகிறாள்.

ஜனவரி 28

எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்! நிஷிடா கடைக்கே வந்து சொன்னார். இந்த முறை சக்கரத்தில் ஆணி இல்லை, சும்மாதான் வந்தார். அவர் போன பிறகு டயர் அடுக்கின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இடலினா படித்தது படித்ததுதான்.

இரவு நல்ல பனி. வழக்கமான நேரத்துக்கு அவள் வரவில்லை. கல்லூரிக்குப் போன் போடலாமா? போடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஊரே இல்லை.

முதலில் குரல்தான் வந்தது. "கோடு இருக்கு... இருக்கு... கொஞ்சம் இடது பக்கம் வா!" அப்புறம் தாழ்வாக இரண்டு மஞ்சள். ஒஃபீலியா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறாள். உள்ளே இடலினா அங்குலம் அங்குலமாக ஓட்டுகிறாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

கார் கேட்டின் முன் நின்றது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னண்ணே," என்றாள் ஒஃபீலியா, முடியெல்லாம் பனி சொட்ட, "கேட்டைத் திறக்கறதுக்கும் முதல்வரைக் கேக்கணுமா?"

திறந்தேன்.