கேபினில் எதற்குப் பசிக்கிறது?

மார்ச் 3, செவ்வாய்

கிரேன் கேபினுக்கு ஏணியில் ஏறும்போது இன்று மூன்று இடத்தில் நின்றேன். போன வருடம் ஒரே இடத்தில்தான் நிற்பேன், அதுவும் கையுறையைச் சரிசெய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. கீழேயிருந்து ஸ்பீக்கர் வாக்கி-டாக்கியில், "அக்கா, ஏணி நீண்டுபோச்சா?" என்றான். எங்கள் சிக்னல் ஆள் அவன், ரெண்டு பிள்ளைக்கு அப்பன். அவன் குரலுக்கு வாக்கி-டாக்கியே தேவையில்லை என்பதால் சைட் முழுக்க அவனுக்கு ஸ்பீக்கர் என்றே பெயர்.

மதியம் கம்பெனி டாக்டரிடம் வருடாந்தரப் பரிசோதனை. கண், காது, ரத்தம் எல்லாம் சரி. எடை 98. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். கேபினில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கட்டிக் கீழே இறக்கப் புதிதாக ஒரு பட்டை வாங்கியிருக்கிறார்களாம், அது தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டாம். செப்டம்பரிலிருந்து விதி: கிரேன் ஓட்டுகிறவர் 90 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

"செப்டம்பர் ஒண்ணாம் தேதி மறுபடி பார்ப்பேன். அதுக்குள்ள இறக்கிடுங்க. இல்லன்னா கீழ வேலைதான்."

இறக்கிடுங்க என்கிறார். இருபத்திரண்டு வருடமாக டன் கணக்கில் ஏற்றி இறக்குகிறவளிடம். எட்டு கிலோ என்ன பெரிய விஷயம்?

மார்ச் 4, புதன்

காலையில் ஒரு தம்ளர் பழச்சாறு. மதியம் பச்சைக் காய்கறி. இரவு ஒன்றும் இல்லை. மகள் போனில் ஒரு பெண் இப்படிச் செய்து இளைத்ததைக் காட்டினாள். அந்தப் பெண் ஏணி ஏறுகிறவள் மாதிரித் தெரியவில்லை. இருந்தாலும் பார்ப்போம்.

மார்ச் 19, வியாழன்

94.5. சைட்டில் எல்லாரும் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். எனக்கோ சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் மாவு மூட்டையாகத் தெரிகிறது.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் ரொட்டிக் கடையை மூடிவிட்டு மிச்ச பன்களைக் கொண்டுவந்தார். நான் தொடவில்லை. ரொட்டி சுடுகிறவர் வீட்டில் ரொட்டியைத் தொடாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை. அவர் தட்டை மூடி வைத்தார்.

மார்ச் 26, வியாழன்

பாதி ஏணி ஏறியிருப்பேன். கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போயிற்று. கம்பியை முழங்கையால் கோத்துக்கொண்டு நின்றேன். காதில் விசில் சத்தம். அப்புறம் ஸ்பீக்கரின் குரல்: "அக்கா, மேல பாக்காதீங்க, கீழயும் பாக்காதீங்க. எதிர்ல இருக்கற ஆணிய மட்டும் பாருங்க. நான் ஏறி வர்றேன்." வந்தான். எனக்குக் கீழே நின்று ஒவ்வொரு படியாக என் கால்களை எடுத்து வைத்து இறக்கினான்.

செத்திருப்பேன். எட்டு கிலோவுக்காக. நான் மட்டுமா? கொக்கியில் பாரம் தொங்கும்போது இப்படி ஆகியிருந்தால் கீழே நிற்கிறவன் அவன்தானே?

மார்ச் 29, ஞாயிறு

பன் ஏழு. நின்றுகொண்டே. வெண்ணெய் தடவக்கூடப் பொறுமை இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மறுபடி 97. பத்தே நாளில்.

டாக்டர் என்னை நர்ஸிடம் அனுப்பினார். சாப்பாட்டு விஷயம் இவர்தான் பார்ப்பாராம். என்னைவிடப் பருமனான பெண்மணி. முதலில் அது சமாதானமாக இருந்தது, பிறகு சந்தேகமாக இருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். "நானும் பதினாலு கிலோ இறக்கினவதாம்மா. மூணு வருஷம் ஆச்சு" என்றார்.

நான் பட்டினி கிடந்த கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்க கிரேன் எவ்வளவு தூக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்டவணை இருக்கு. கொக்கி எவ்வளவு தள்ளிப் போகுதோ அதுக்கேத்த மாதிரி பாரம் குறையும்."

"உங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கா?"

இல்லை.

"அப்ப ரெண்டு வாரம் எதையும் மாத்தாதீங்க. பசிச்சா சாப்பிடுங்க, பசிக்காட்டியும் தோணுனா சாப்பிடுங்க. எத்தனை மணி, என்ன சாப்பாடு, பசி பத்துக்கு எத்தனை, அப்ப என்ன நடந்துட்டிருந்துச்சு. இத மட்டும் எழுதுங்க."

இதற்கா படித்துவிட்டு வந்தார் என்று தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் எதற்குச் சாப்பிடுகிறேன்? நாற்பத்தாறு வயதில் இது எனக்குத் தெரியாது என்பது வேடிக்கைதான்.

ஏப்ரல் 8, புதன்

7.40 — பிஸ்கட் 4. பசி 1. கான்கிரீட் லாரி வரவில்லை.
8.15 — பிஸ்கட் 3. பசி 0. லாரி இன்னும் வரவில்லை.
9.05 — லாரி வந்தது. இரண்டு மணி நேரம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.
11.20 — காற்று அதிகம், வேலை நிறுத்தம். மீதிப் பாக்கெட். பசி 6? நாக்கு வறண்டிருந்தது.

எழுதினால் வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். சுவாரசியமாக இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரியை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒன்று புரிந்துவிட்டது. கொக்கி ஓடும்போது எனக்குப் பசிப்பதில்லை. கொக்கி நின்றால் வாய் ஓட ஆரம்பிக்கிறது. மேலே தனியாகக் காத்திருப்பதுதான் என் வேலையில் பாதி, அந்தப் பாதிக்குத்தான் பிஸ்கட்.

ஆனால் பதினோரு மணிப் பசி வேறு. அது தினமும் வருகிறது, லாரி வந்தாலும் வராவிட்டாலும். அது என்ன?

ஏப்ரல் 20, திங்கள்

சோதனை. இன்று கான்கிரீட் பதினொன்றேகாலுக்கே முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் துணிந்து ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோய் முக்கால்வாசி குடித்தேன். பதினோரு மணி வந்தது, பசி வரவில்லை. பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை.

ஆனால் வேறொன்று வந்தது. கடைசி அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஏணியில் நான் இறங்கிய வேகத்தை டாக்டர் பார்த்திருந்தால் சான்றிதழைக் கையில் கொடுத்திருப்பார்.

ஏப்ரல் 22, புதன்

நோட்டை நர்ஸ் நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "காலைல அஞ்சு மணிக்கு ஒரு வாய் தண்ணி. அடுத்தது மதியம் ஒரு மணிக்குத்தான். இது என்ன?"

சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. கேபினில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற இருபத்தைந்து நிமிடம் ஆகும், கீழே முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆண்கள் ஒரு பாட்டிலை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். நான் என்ன செய்வது? அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாக.

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "இதுல நீங்க சாப்பாட்ட மாத்த வேண்டியது பாதிதாம்மா. மீதிய உங்க என்ஜினியர்தான் மாத்தணும்" என்றார்.

கேட்பதா? என்னவென்று கேட்பது? அந்த ஆளுக்கு என் தம்பி வயதுகூட இருக்காது.

மே 4, திங்கள்

கேட்டுவிட்டேன்.

பத்தரைக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை இறங்க வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன், அவர் மேசையிலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே. என்ஜினியர் காது சிவந்துபோய், "வேலை நிக்குமேம்மா, எல்லாரும் கேட்டா நான் என்ன பண்றது" என்றார். நான் எழுந்துவிட்டேன். அப்போது வாசலில் நின்ற ஸ்பீக்கர் உள்ளே வந்தான்.

"சார், அக்கா இறங்கி ஏற இருபத்தஞ்சு நிமிஷம். போன வாரம் லாரிக்காக நாம சும்மா நின்னது ஆறு மணி நேரம். நான் குறிச்சு வச்சிருக்கேன். லாரிக்காரன யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

மெதுவாகத்தான் சொன்னான், அவன் அளவுக்கு. கம்பி கட்டுகிறவர்கள் வரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் சிறுநீர்ப்பை இன்று சைட் முழுக்கப் பிரபலம்.

ஒரு வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

மே 12, செவ்வாய்

வாரம் முடிந்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நேற்று பத்தரைக்கு என்ஜினியரே கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

யோசிக்காத ஒரு லாபம்: ஏணியை ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறுகிறேன். தண்ணீர் ஒன்றரை லிட்டர். இறங்குகிற நேரத்தில் ஒரு முட்டை, அவித்த கொண்டைக்கடலை ஒரு பிடி. காத்திருக்கும் நேரத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. மகளின் பின்னல் ஊசியைக் கேட்டிருக்கிறேன். பிஸ்கட் பாக்கெட் பையில்தான் இருக்கிறது, தடை ஏதும் போடவில்லை. இருப்பது தெரிந்தால் பதற்றம் குறைகிறது. ஏன் அப்படி?

95.6.

ஜூன் 14, ஞாயிறு

சண்டை. வீட்டுக்காரர் இரண்டு பன் தட்டில் வைத்தார். வேண்டாம் என்றேன். மூடி வைக்கப் போனவர் திரும்பி நின்றார்.

"கடைல ஜனங்க வரிசைல நின்னு வாங்குறாங்க. வீட்டுல இருக்கறவளுக்கு மட்டும் என் கை பட்டது விஷம்."

நான் அப்படிச் சொன்னேனா? எப்பச் சொன்னேன்? விடியறதுக்கு முன்னாடி எழுந்து போற மனுஷன், ராத்திரி எனக்குன்னு ரெண்டு எடுத்து வச்சுக் கொண்டு வர்றார், அது எனக்குத் தெரியாதா? ஆனா நான் என்ன பண்ணட்டும், கீழ உக்காந்து கேட் பதிவேட்டுல லாரி நம்பர் எழுதட்டுமா? ரெண்டு பன்னையும் தின்னேன். அழுதுகிட்டே. அவர் பாத்துகிட்டே இருந்தார். ருசி தெரியல.

ஜூன் 15, திங்கள்

நேற்றையதையும் எழுதித்தானே ஆக வேண்டும். 7.10 — பன் 2. பசி 3. அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது: அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதிவிட்டுப் பழைய பக்கங்களைத் திருப்பினேன். சாயங்காலப் பன் எழுதியிருக்கும் எல்லா நாளிலும் இது இருக்கிறது. நான் சாப்பிடும்வரை உட்கார்ந்திருப்பார், சாப்பிட்டதும் எழுந்து படுக்கப் போவார். நாங்கள் ஒரு நாளில் சேர்ந்து இருப்பதே அந்தப் பத்து நிமிடம்தான். எனக்கு வேண்டியது பன்னா, பத்து நிமிடமா?

இன்று சாயங்காலம் சொன்னேன்: "என்னங்க, ஒண்ணும் எடுத்து வைக்க வேண்டாம். சும்மா உக்காருங்க."

"எதுக்கு?"

"ஒரு சோதனை."

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். இரண்டு பேரும் மேசை விரிப்பைப் பார்த்தோம். பிறகு அவர் அடுப்புக் கதவின் கீல் தேய்ந்துபோனதைப் பற்றி ஆரம்பித்தார். நான் நேற்றையதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நோட்டைக் காட்டினேன். வரி வரியாகப் படித்தார். "பத்து நிமிஷம்னு குறிச்சிருக்க" என்றார். "கம்மிதான்."

மணி பார்த்தால் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஜூன் 20, சனி

ஒப்பந்தம்: சனிக்கிழமை பன். ஒன்று. சூடாக, வெண்ணெயோடு, உட்கார்ந்து. மற்ற நாட்களில் வெறும் பேச்சு.

ஜூலை 22, புதன்

முழுக் கோதுமையும் கடலை மாவும் போட்டு எனக்காக ஒரு ரொட்டி பண்ணிப் பார்க்கிறார். இது நாலாவது. மகள் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "அப்பா, இத அம்மா கிரேன்லதான் தூக்கணும்" என்றாள். அவர் கோபிக்கவில்லை. தண்ணீர் அளவு தப்பு என்று தன் சட்டைப் பையிலிருந்த சீட்டில் எழுதிக்கொண்டார்.

93. ஒரு மாதத்தில் ஒன்றரைகூட இல்லை. நர்ஸிடம் புலம்பினேன். "இந்த மாசம் எத்தனை நாள் கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட இல்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

91.4. இரண்டு நாள் வெறும் தண்ணீரில் இருந்தால்? — மாட்டேன். ஏணியில் கண் வெளுத்தால் இன்னொருவன்தான் என் காலை எடுத்து வைக்க வேண்டும்.

செப்டம்பர் 1, செவ்வாய்

91.2.

டாக்டர் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என்னால கையெழுத்து போட முடியாதும்மா. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

நாளையிலிருந்து சைட் கேட்டில், லாரிப் பதிவேட்டோடு.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். கீரை, முட்டை, ரொட்டி ஒரு துண்டு. பசி 7. அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

செப்டம்பர் 9, புதன்

கேட்டுக்குப் பக்கத்திலேயே டீக்கடை. யார் வந்தாலும் ஏதாவது வாங்கிக் கொடுக்கிறார்கள், துக்கம் விசாரிக்கிற மாதிரி. என் கேபின்ல வேற ஒருத்தர் உக்காந்திருக்கார், அத அண்ணாந்து பாக்கறப்பல்லாம் வயிறு கபகபங்குது. இது பசியே இல்லைன்னு தெரியுது. தெரிஞ்சும் கை நீளுது.

மேலே கண்டுபிடித்தது எதுவும் கீழே செல்லாதா? இங்கே புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. சரி, எழுதுவோம்.

செப்டம்பர் 24, வியாழன்

கேட்டில் வரும் பசிக்கு நான் கண்டுபிடித்தது: லாரி வந்தால் எழுந்து போய் நானே சரக்கைச் சரிபார்ப்பது. ஒரு நாளைக்கு நாற்பது லாரி. உட்காரவே நேரமில்லை.

ஸ்பீக்கர் ஒரு சேதி சொன்னான். மேலே இருக்கும் புது ஆளும் பத்தரைக்கு இறங்குகிறாராம். "பாட்டில வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா அவருக்கும் கஷ்டந்தானாம் அக்கா. வெளிய சொல்லலயாம்."

அக்டோபர் 13, செவ்வாய்

89.3. கையெழுத்து ஆனது. நாளை மேலே.

ஜனவரி 10, ஞாயிறு

எழுதி ஏழு வாரம் ஆகிறது. அட்டவணை மனதில் பதிந்துவிட்டதால் தோன்றும்போது மட்டும்தான் எழுதுகிறேன். கடைசியாகப் பார்த்தபோது 86.7. இரண்டு வாரம் அப்படியே நின்றது, பிறகு கொஞ்சம் இறங்கியது. கேபினில் இப்போது இரண்டாவது ஸ்வெட்டர் வளர்கிறது. முதலாவதை ஸ்பீக்கரின் சின்னவள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்று எழுதக் காரணம் வேறு. போன வாரம் அவர் சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் ஒன்று தெறித்து மாவில் விழுந்துவிட்டதாம். அதை என்னிடம் சொல்லாமல், கடைத்தெருவுக்குப் போன மகளிடம், "அம்மா எழுதற மாதிரி ஒரு நோட்டு எனக்கும் வாங்கிட்டு வா" என்றிருக்கிறார். இன்று துணி மடிக்கும்போது அவர் பையில் அது இருந்தது. பார்க்கக் கூடாதுதான். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

"காலை 4.10. வெண்ணெய் ரொட்டி ஒண்ணு. பசி 0. அப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்தது. பக்கத்துல யாரும் இல்ல."